ஈயப் பலூன் ஏன் கீழே போகிறது? ஃப்ரேஸல் வெர்ப்போடு உவமை சேரும் விதம்: முழுமையான வழிகாட்டி

அலுவலகக் கூட்டத்தில் மேலாளர் பேசிய பேச்சு எப்படி இருந்தது என்று ஓர் ஆங்கிலேயரிடம் கேட்கிறீர்கள். ‘இட் வென்ட் டவுன் லைக் எ லெட் பலூன்’ என்கிறார். எல்லாம் தெரிந்த சொற்கள்தான். கூட்டிப் பார்த்தால் ‘அது ஈயப் பலூன் போலக் கீழே போனது’ என்று வருகிறது. பேச்சு எப்படிக் கீழே போகும்? அவர் பாராட்டுகிறாரா, கேலி செய்கிறாரா? பேச்சு துளியும் எடுபடவில்லை என்பதைத்தான் அவர் அப்படிச் சொன்னார்.

‘வென்ட் டவுன்’ போன்ற வினைகள் அயலாரைத் திணறடிப்பது புதிய செய்தி அல்ல. 1755-இல் வெளியான தம் ஆங்கில அகராதியின் முன்னுரையிலேயே சாமுவேல் ஜான்சன் இதைக் குறிப்பிட்டிருக்கிறார். வினைக்குப் பின்னால் ஒரு சிறு சொல்லைச் சேர்த்துப் பொருளையே மாற்றிவிடும் வழக்கம் வெளிநாட்டவருக்குப் பெரும் தொல்லை என்று சொல்லி, ‘ஃபால் ஆன்’ என்றால் தாக்குவது, ‘பிரேக் ஆஃப்’ என்றால் சட்டென நிறுத்துவது என்று உதாரணங்களையும் அடுக்கினார். இப்படிச் சிறு சொல்லோடு சேர்ந்து பொருள் மாறும் வினைக்கு ‘ஃப்ரேஸல் வெர்ப்’ என்ற பெயர் பரவியது 1920-களில், எழுத்தாளர் லோகன் பியர்சால் ஸ்மித் அதை எடுத்து எழுதிய பிறகுதான்.

நம் வகுப்பறைகளில் ஃப்ரேஸல் வெர்ப்புக்கு ஒரு பட்டியல், உவமைக்கு வேறொரு பட்டியல். இரண்டையும் தனித்தனியாக மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். பேச்சு ஆங்கிலத்தில் அவை அப்படித் தனித்தனியாக நிற்பதில்லை. ஃப்ரேஸல் வெர்ப்புக்குள் ஒரு பழைய காட்சி உறங்கிக்கொண்டிருக்கிறது. உவமை வந்து அதைத் தட்டி எழுப்புகிறது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பட்டியலில் பாதியைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

முதல் படி: வினை எங்கே முடிகிறது?

வாக்கியத்தில் ‘லைக்’ எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அதற்கு முன்னால் இருப்பதில் எதுவரை வினை என்பதைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

‘ஹீ ரேன் அப் த ஹில்’ என்றால் அவர் குன்றின் மேல் ஓடினார். இங்கே ‘அப்’ குன்றோடு சேர்ந்தது. ‘ஹீ ரேன் அப் எ பில்’ என்றால் கடனை ஏற்றிக்கொண்டே போனார். இங்கே ‘அப்’ வினையோடு ஒட்டியது. சந்தேகம் வந்தால் பெயர்ச்சொல்லை எடுத்துவிட்டு ‘இட்’ போட்டுப் பாருங்கள். பில்லுக்கு ‘ரேன் இட் அப்’ என்று நடுவில் நுழையும். குன்றுக்கு ‘ரேன் அப் இட்’ என்றுதான் வரும். ‘இட்’ நடுவில் நுழைந்தால் அது ஃப்ரேஸல் வெர்ப் என்று துணிந்து சொல்லலாம். நுழையாத ஃப்ரேஸல் வெர்ப்புகளும் உண்டு. அவற்றைப் பொருளை வைத்துத்தான் அடையாளம் காண வேண்டும்.

மூன்று சொற்களாக நீளும் வினைகளில் கடைசிச் சொல்லைத் தவறவிட்டால் கதை கந்தலாகும். ‘கம் டவுன்’ இறங்கி வருவது. ‘கம் டவுன் வித்’ காய்ச்சல் போன்ற ஒன்றில் விழுவது. ‘கம் டவுன் ஆன்’ ஒருவரைக் கடுமையாகக் கண்டிப்பது. ‘லைக் எ டன் ஆஃப் பிரிக்ஸ்’ என்ற உவமை இந்த மூன்றாவதோடு சேர்ந்துதான் புகழ் பெற்றது: ‘த பாஸ் கேம் டவுன் ஆன் அஸ் லைக் எ டன் ஆஃப் பிரிக்ஸ்.’ ஒரு டன் செங்கல் தலையில் சரிந்தது போல மேலதிகாரி எங்களைப் பிடித்துக்கொண்டார்.

தமிழருக்கு இந்த வகை வினை அந்நியமானது அல்ல. ‘கண்டுபிடி’ என்பதில் எதையும் கையால் பிடிப்பதில்லை. ‘விட்டுக்கொடு’ என்பதில் கொடுக்கும் பொருள் எதுவும் இல்லை. நமக்கு அவை பழகிப்போனதால் விசித்திரம் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

இரண்டாம் படி: உறங்கும் காட்சியைத் தேடுங்கள்

வழிகாட்டியில் எதைத் தாண்டினாலும் இந்தப் படியைத் தாண்ட வேண்டாம்.

‘ஆட்சி கவிழ்ந்தது’ என்று செய்தித்தாளில் படிக்கும்போது நம் கண்ணில் எந்தக் காட்சியும் வருவதில்லை. கவிழ்வது என்றால் பதவி இழப்பது, முடிந்தது. ‘ஓட்டைப் படகு போல ஆட்சி கவிழ்ந்தது’ என்று ஒருவர் எழுதட்டும். உடனே தண்ணீர் தெரிகிறது, படகு தெரிகிறது, ‘கவிழ்’ என்ற சொல்லின் பழைய பொருள் உயிர்பெறுகிறது. ஆங்கிலத்தில் ஃப்ரேஸல் வெர்ப்போடு வரும் நல்ல உவமைகள் பலவும் இதே வேலையைத்தான் செய்கின்றன.

ஈயப் பலூனுக்கு வருவோம். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ‘கோ டவுன்’ என்பதற்கு ஒரு செய்தியோ பேச்சோ கேட்பவரிடம் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்ற பொருள் உண்டு. ‘இட் வென்ட் டவுன் வெல்’ என்றால் நல்ல வரவேற்பு. அதில் ‘டவுன்’ கீழே என்ற பொருளை ஏறக்குறைய இழந்துவிட்டது. ஈயப் பலூனைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்ததும் ‘கீழே’ திரும்பி வருகிறது. மேலே பறக்க வேண்டிய பொருள், கனத்தால் தரையில் தொப்பென்று விழுகிறது. வினையின் புதுப் பொருளும் பழைய பொருளும் ஒரே நேரத்தில் காதில் விழுவதால்தான் ஆங்கிலேயர் அதைக் கேட்டுச் சிரிக்கிறார். அமெரிக்கர்கள் இதையே ‘வென்ட் ஓவர் லைக் எ லெட் பலூன்’ என்பார்கள். 1968-இல் தொடங்கிய லெட் ஸெப்பலின் இசைக்குழுவுக்குப் பெயர் வந்ததே இந்த வழக்கிலிருந்துதான். இப்படி ஒரு குழு அமைந்தால் அது ஈய ஸெப்பலின் (ஸெப்பலின் என்பது ராட்சத வான்கப்பல்) போலத்தான் போகும் என்று ‘த ஹூ’ என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவினர் கேலி செய்ததாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. ஈயம் என்பதற்கான ஆங்கிலச் சொல்லை ‘லீட்’ என்று யாரும் தவறாக வாசித்துவிடக் கூடாது என்று எழுத்துக்கூட்டலில் ஓர் எழுத்தை நீக்கியும் விட்டார்கள்.

அடுத்தது ‘கோ அவுட் லைக் எ லைட்’. ‘ஹீ வென்ட் அவுட்’ என்று மட்டும் சொன்னால் அவர் வெளியே போயிருக்கிறார் என்றுதான் எவரும் எடுத்துக்கொள்வார்கள். விளக்கு ‘கோஸ் அவுட்’ என்றால் அணைகிறது. ‘ஹீ வென்ட் அவுட் லைக் எ லைட்’ என்றதும் மனிதரை விளக்கின் வரிசையில் வைத்துவிடுகிறோம். படுத்தவுடன் கண்ணயர்ந்துவிட்டார், அல்லது மயங்கி விழுந்துவிட்டார். உவமை இங்கே வெறும் அலங்காரமாக வரவில்லை. அதை நீக்கினால் பொருளே போய்விடும்.

‘கெட் ஆன் லைக் எ ஹவுஸ் ஆன் ஃபயர்’ நம்மவர்களைக் கட்டாயம் கவிழ்க்கும். ‘மை மதர் அண்ட் மை வைஃப் கெட் ஆன் லைக் எ ஹவுஸ் ஆன் ஃபயர்.’ அம்மாவும் மனைவியும் தீப்பிடித்த வீடு போல என்றால் தமிழ்க் காதுக்கு என்ன தோன்றும்? தினமும் சண்டை என்று தோன்றும். உண்மையில் இருவரும் பார்த்த நாளிலிருந்தே உயிர்த்தோழிகள் என்று பொருள். ‘கெட் ஆன்’ என்பதற்கு இணங்கிப் போவது என்ற பொருளும், முன்னேறிச் செல்வது என்ற பொருளும் உண்டு. தீ மளமளவென்று பற்றிப் பரவும் வேகம் மட்டுமே இங்கே ஒப்புமை. அழிவு, புகை, அழுகை எல்லாவற்றையும் ஆங்கிலக் காது வடிகட்டிவிடுகிறது. ஆகவே ஓர் உவமையைக் கேட்டதும் ‘இந்தப் பொருள் நல்லதா, கெட்டதா’ என்று யோசிக்காதீர்கள். ‘இந்தப் பொருள் இந்த வினையை எப்படிச் செய்யும்’ என்று யோசியுங்கள்.

‘டர்ன் அப் லைக் எ பேட் பென்னி’ என்பதிலும் இதே பொறி. நமக்குச் ‘செல்லாக் காசு’ என்றால் மதிப்பிழந்த ஆள். ஆங்கிலேயருக்கு அந்தக் கள்ளக் காசின் இன்னொரு குணம்தான் முக்கியம்: யார் தலையில் கட்டினாலும் சுற்றிச் சுற்றித் திரும்ப வந்துவிடும். ‘டர்ன் அப்’ என்றால் எதிர்பாராமல் வந்து நிற்பது. வேண்டாத உறவினர் மறுபடி வாசலில் வந்து நின்றால் இந்த வாக்கியம்.

‘ஸ்டிக் அவுட் லைக் எ சோர் தம்ப்’ இவற்றில் எளியது. கட்டைவிரலில் அடிபட்டால் எதிலும் படாமல் நீட்டியே வைத்துக்கொள்கிறோம் அல்லவா? அப்படி ஊரோடு ஒட்டாமல் தனியே துருத்திக்கொண்டு தெரிவது.

எல்லா வினையிலும் காட்சி கிடைக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ‘கிவ் அப்’, ‘கேரி அவுட்’, ‘புட் அப் வித்’ போன்றவற்றில் அது உறங்கவில்லை, செத்தே போய்விட்டது. ‘ஷீ புட் அப் வித் ஹிம் லைக் எ செயின்ட்’ என்றால் துறவியைப் போல அவரைப் பொறுத்துக்கொண்டார். இங்கே உவமை வினையின் காட்சியைத் தொடவில்லை. செய்தவரின் குணத்தை மட்டும் காட்டுகிறது. இந்த வகையை நேராகவே புரிந்துகொள்ளலாம், தோண்ட வேண்டியதில்லை.

மூன்றாம் படி: பல பொருளில் ஒன்றை உவமை தேர்ந்தெடுக்கும்

ஒரே ஃப்ரேஸல் வெர்ப்புக்கு அகராதியில் ஏழெட்டுப் பொருள் போட்டிருப்பார்கள். எதை எடுப்பது என்று உவமையைக் கேளுங்கள்.

‘ப்ளோ அப்’ என்பதை எடுத்துக்கொள்வோம். ‘ஹெர் ஆங்கிள் ப்ளூ அப் லைக் எ பலூன்’ என்றால் கணுக்கால் வீங்கிவிட்டது. ‘த கார் ப்ளூ அப் லைக் எ பாம்’ என்றால் கார் வெடித்துச் சிதறியது. ‘மை ஃபாதர் ப்ளூ அப் லைக் எ வால்கேனோ’ என்றால் அப்பா எரிமலையாகிவிட்டார். வினை மாறவில்லை, பக்கத்தில் நிற்கும் பொருள்தான் மாறியது.

‘பிரேக் டவுன் லைக் எ சைல்ட்’ என்றால் தேம்பி அழுவது. ‘லைக் அன் ஓல்ட் கார்’ என்றால் நடுவழியில் நின்றுவிடுவது. ‘டேக் ஆஃப் லைக் எ ராக்கெட்’ என்று ஒரு கடையைப் பற்றிச் சொன்னால் வியாபாரம் சூடுபிடித்துவிட்டது. ‘டேக் ஆஃப் லைக் எ ஸ்கால்டட் கேட்’ என்று ஒரு பையனைப் பற்றிச் சொன்னால் வெந்நீர் பட்ட பூனையாக ஓட்டம் பிடித்துவிட்டான்.

நான்காம் படி: வரிசை

தமிழில் உவமை வினைக்கு முன்னால் வரும்: ‘மின்னல் போல ஓடினான்’. ஆங்கிலத்தில் வினை, துணைச்சொல் (அப், அவுட் போன்ற சிறு சொல்), செயப்படுபொருள் எல்லாம் முடிந்த பிறகுதான் ‘லைக்’ வரும். ‘ஹீ வென்ட் அவுட் லைக் எ லைட்’ சரி. ‘ஹீ வென்ட் லைக் எ லைட் அவுட்’ தவறு. வினைக்கும் துணைச்சொல்லுக்கும் நடுவில் உவமையை நுழைக்க முடியாது. செயப்படுபொருள் நுழையலாம், ‘இட்’, ‘ஹிம்’ போன்றவை பிரியக்கூடிய வினைகளில் நுழைந்தே ஆக வேண்டும்: ‘ஷீ ஃபோல்டட் இட் அப் லைக் எ லெட்டர்.’ நேரத்தைச் சொல்வதாக இருந்தால் அதை உவமைக்கும் பிறகு வையுங்கள்: ‘ஹீ வென்ட் அவுட் லைக் எ லைட் அட் நைன்.’

வாக்கியத்தின் தலையிலும் உவமையை வைக்கலாம்: ‘லைக் எ பேட் பென்னி, ஹீ டர்ன்ட் அப் அகெய்ன்.’ கதை சொல்லும் தொனி வந்துவிடும். அடிக்கடி வேண்டாம்.

இனி சற்று உன்னிப்பாகப் பார்க்க வேண்டிய இடம். இரண்டு வாக்கியங்கள்:

‘மை ஆன்ட் பிக்ட் அப் த பாய் லைக் எ சேக் ஆஃப் ரைஸ்.’
‘மை ஆன்ட் பிக்ட் அப் த பாய் லைக் எ ரெஸ்லர்.’

இரண்டிலும் இலக்கணம் ஒன்றே, சொல் வரிசையும் ஒன்றே. முதல் வாக்கியத்தில் அரிசி மூட்டை பையன். இரண்டாவதில் பயில்வான் அத்தை. எது யாருக்கு உவமை என்று ஆங்கில இலக்கணம் சொல்வதில்லை, உலக அனுபவம்தான் சொல்கிறது. தமிழிலும் ‘மூட்டையைப் போலத் தூக்கினார்’, ‘பயில்வானைப் போலத் தூக்கினார்’ என்று இரண்டுக்கும் ஒரே உருபுதான். ஆகவே நீங்கள் எழுதும்போது இரண்டு பேருக்கும் பொருந்தக்கூடிய உவமையைத் தவிர்த்துவிடுங்கள். ‘ஐ ரேன் ஆஃப்டர் த டாக் லைக் எ வைல்ட் அனிமல்’ என்று எழுதினால் காட்டு விலங்கு நீங்களா, நாயா என்று படிப்பவர் தலையைச் சொறிவார்.

இன்னொரு அமைப்பு இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது. வினையில் உள்ள துணைச்சொல் உவமைக்குள்ளும் எதிரொலிக்கும். ‘ஷீ டுக் டு டீச்சிங் லைக் எ டக் டு வாட்டர்.’ இதில் இரண்டு ‘டு’ இருப்பதைக் கவனியுங்கள். அவருக்கும் ஆசிரியப் பணிக்கும் உள்ள உறவு, வாத்துக்கும் தண்ணீருக்கும் உள்ள உறவு. நான்கு பொருள்கள், இரண்டு சோடிகள், பொதுவாக ஒரு சிறு சொல். ‘த பாலர் வென்ட் த்ரூ த பேட்டிங் லைக் எ நைஃப் த்ரூ பட்டர்’ என்பதில் ‘த்ரூ’ இரண்டு முறை வருகிறது: பந்து வீச்சாளர் பேட்டிங் வரிசைக்குள் புகுந்ததும், கத்தி வெண்ணெய்க்குள் புகுந்ததும். இரண்டாவது ‘டு’, ‘த்ரூ’ ஆகியவற்றை விட்டுவிட்டால் உவமையே ஒடிந்துவிடும். நம்மவர்கள் எழுதும்போது பெரும்பாலும் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

ஐந்தாம் படி: லைக், அஸ், அஸ் இஃப்

பின்னால் பெயர்ச்சொல் மட்டும் வந்தால் ‘லைக்’. முழு வாக்கியமே வந்தால் ‘அஸ் இஃப்’ அல்லது ‘அஸ் தோ’: ‘ஹீ டுக் ஆஃப் அஸ் இஃப் ஹீ ஹேட் சீன் எ கோஸ்ட்.’ பேயைக் கண்டவர் போல ஓட்டம் பிடித்தார்.

பேச்சில் இந்த இடத்திலும் ‘லைக்’ தாராளமாக வரும். 1954-இல் வின்ஸ்டன் சிகரெட் விளம்பரம் ‘வின்ஸ்டன் டேஸ்ட்ஸ் குட் லைக் எ சிகரெட் ஷுட்’ என்று வந்தபோது, ‘அஸ்’ அல்லவா வர வேண்டும் என்று அமெரிக்காவில் இலக்கணக்காரர்கள் கொதித்தார்கள். விளம்பரம் அவர்களைக் கண்டுகொள்ளவில்லை. எதிர்ப்பையே அடுத்த விளம்பரத்துக்குத் தீனியாக்கிக்கொண்டது. இன்று பேச்சில் யாரும் குறை சொல்வதில்லை. தேர்வுத் தாளிலும் விண்ணப்பத்திலும் மட்டும் ‘அஸ் இஃப்’ என்றே எழுதுங்கள். மதிப்பெண் போடுபவர் எந்தக் கட்சி என்று உங்களுக்குத் தெரியாது.

பெயர்ச்சொல்லுக்கு முன்னால் தனியாக ‘அஸ்’ வந்தால் அது உவமையே அல்ல. ‘ஷீ ஸ்டெப்ட் இன் அஸ் கேப்டன்’ என்றால் அவரே கேப்டன் பொறுப்பை ஏற்றார். ‘ஷீ ஸ்டெப்ட் இன் லைக் எ கேப்டன்’ என்றால் கேப்டன் அல்லாதவர் கேப்டனைப் போலத் தலையிட்டார். ஒரு சொல்லில் பதவியே மாறிவிடுகிறது.

‘அஸ் வைட் அஸ் ஸ்னோ’ மாதிரியான இரட்டை ‘அஸ்’ உவமைகள் பண்புச் சொற்களோடு வருபவை. ஃப்ரேஸல் வெர்ப்போடு பொதுவாகச் சேராது. தொல்காப்பியம் உவமையை வினை, பயன், மெய், உரு என்று நான்கு வகையாகப் பிரிக்கிறது. வெண்பனி உரு உவமம். இந்த வழிகாட்டியில் நாம் பார்ப்பவை பெரும்பாலும் வினை உவமம். அந்தப் பழைய பாகுபாடு இங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது.

ஆறாம் படி: உவமையை விழுங்கிய வினைகள்

ஆங்கிலம் சில இடங்களில் ‘லைக்’கைத் தூக்கியெறிந்துவிட்டு விலங்கையே வினையாக்கிவிட்டது. ஓநாய் போல அவசரமாக விழுங்குவது ‘வுல்ஃப் டவுன்’. அணில் கொட்டைகளைப் பதுக்குவது போலச் சேர்த்து ஒளித்து வைப்பது ‘ஸ்குவிரல் அவே’. மட்டிச் சிப்பி தன் ஓடுகளை மூடிக்கொள்வது போல வாயை இறுக மூடிக்கொள்வது ‘கிளாம் அப்’. கடைசி நேரத்தில் பயந்து பின்வாங்குவது ‘சிக்கன் அவுட்’. மூக்குமுட்டத் தின்பது ‘பிக் அவுட்’. துருவித் துருவி உண்மையை வெளியே கொண்டுவருவது ‘ஃபெரட் அவுட்’. ஃபெரட் என்பது கீரியைப் போல நீண்ட உடல் கொண்ட சிறு விலங்கு, முயல் வளைக்குள் விட்டு முயலைத் துரத்தி வெளியேற்றப் பழக்கியது. நீர்நாயைப் போலவே தண்ணீரில் திரியும் பீவர், ஓயாமல் மரம் கடித்து அணை கட்டும். ஆகவே தலை நிமிராமல் உழைப்பது ‘பீவர் அவே’. இது பெரும்பாலும் பிரிட்டிஷ் வழக்கு.

இவற்றில் விலங்கு என்ன வேலையைச் செய்கிறது என்பதோடு துணைச்சொல் எந்தத் திசையைக் காட்டுகிறது என்பதையும் சேர்த்துப் படியுங்கள். ‘டவுன்’ தொண்டைக்குள் இறங்குவது. ‘அவே’ கண்ணுக்கு மறைவாகப் போவது, அல்லது நிறுத்தாமல் தொடர்வது. ‘அப்’ முழுக்க மூடிவிடுவது. ‘அவுட்’ வெளியே வருவது, நழுவிவிடுவது. பட்டியல் இல்லாமலே பாதிப் பொருள் கிடைத்துவிடும்.

ஒரே எச்சரிக்கை: இவற்றுக்கு மேல் இன்னொரு விலங்கை ஏற்றாதீர்கள். ‘ஹீ வுல்ஃப்ட் இட் டவுன் லைக் எ டைகர்’ என்றால் ஓநாயும் புலியும் ஒரே தட்டில் சண்டையிடும். ‘ஹீ வுல்ஃப்ட் இட் டவுன் அஸ் இஃப் ஹீ ஹேடன்ட் ஈட்டன் ஃபார் எ வீக்’ என்று காரணத்தைச் சொல்லலாம், பழுதில்லை.

ஏழாம் படி: எங்கே, யாரிடம்

நாட்டுக்கு நாடு துணைச்சொல் மாறும். பிரிட்டனில் ‘கெட் ஆன்’, அமெரிக்காவில் ‘கெட் அலாங்’. தீப்பிடித்த வீடு இரண்டுக்கும் பொது. என்ன செய்வதென்று தெரியாமல் அங்குமிங்கும் ஓடுவதை பிரிட்டனில் ‘ரன் அரவுண்ட் லைக் எ ஹெட்லெஸ் சிக்கன்’ என்பார்கள். அமெரிக்கர்கள் ‘லைக் எ சிக்கன் வித் இட்ஸ் ஹெட் கட் ஆஃப்’ என்று நீட்டுவார்கள். அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தின் ஃப்ரூட்டா ஊரில் 1945-இல் தலை வெட்டப்பட்ட மைக் என்ற சேவல் ஒன்றரை ஆண்டு உயிரோடு இருந்தது என்பதால், அவர்களுக்கு விவரமாகச் சொல்ல உரிமை உண்டு என்று வைத்துக்கொள்வோம்.

பன்மையில் சில மாறும், சில மாறாது. பலர் ஓடினால் ‘லைக் ஹெட்லெஸ் சிக்கன்ஸ்’. பலர் துருத்திக்கொண்டு தெரிந்தால் ‘லைக் சோர் தம்ப்ஸ்’. தீப்பிடித்த வீடு எத்தனை பேர் பழகினாலும் ஒரே வீடுதான். வினை காலத்துக்கு ஏற்ப மாறும். உவமையின் சொற்களை மாற்றக் கூடாது. ‘டன் ஆஃப் பிரிக்ஸ்’ என்பதை ‘டன் ஆஃப் ஸ்டோன்ஸ்’ ஆக்கினால் புரியும், ஆனால் மொழி தெரியாதவர் என்பதும் சேர்ந்தே புரியும்.

மரியாதை விஷயத்தில் கவனம் வேண்டும். ‘ஹேங் அரவுண்ட் லைக் எ பேட் ஸ்மெல்’ என்பது ஒருவரை நாற்றத்தோடு ஒப்பிடுவது. நண்பரிடம் கேலியாகச் சொல்லலாம், மேலதிகாரியைப் பற்றி மின்னஞ்சலில் எழுத முடியாது. பழைய பிரிட்டிஷ் வழக்கு ஒன்றும் உண்டு: ‘கோ த்ரூ லைக் எ டோஸ் ஆஃப் சால்ட்ஸ்.’ புதிய மேலாளர் வந்த வேகத்தில் அலுவலகத்தையே கலக்கி எடுத்துவிட்டார் என்பதற்குச் சொல்வார்கள். அந்த ‘சால்ட்ஸ்’ பேதி உப்பு. ‘கோ த்ரூ’வின் உறங்கும் காட்சி என்ன என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. சாப்பாட்டு மேசையில் தவிர்ப்பது நல்லது.

எட்டாம் படி: சொந்தமாக ஒன்று செய்து பார்ப்பது

பழகிய உவமைகளைக் கையாளத் தெரிந்த பிறகு சொந்தமாகவும் செய்யலாம். நீங்கள் கொண்டுவரும் பொருள், அந்த வினையை அதன் பழைய நேர்ப் பொருளில் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். துணைச்சொல்லின் திசையும் வேகமும் ஒத்துப்போக வேண்டும். சோதனை அவ்வளவுதான்.

‘சிங்க் இன்’ என்றால் ஒரு செய்தி மெல்ல மனதில் பதிவது. தமிழருக்கு உடனே பசுமரத்தாணி நினைவுக்கு வரும். ‘த லெஸன் சாங்க் இன் லைக் எ நெய்ல் இன் கிரீன் வுட்’ என்று எழுதத் தோன்றும். ஆணி அடிபட்டு இறங்குவது, ஒரே அடியில் பதிவது. ‘சிங்க் இன்’ உள்ளே வைத்திருக்கும் காட்சியோ நீர் ஊறி இறங்குவது. இரண்டும் மோதுகின்றன. ‘லைக் ரெய்ன் இன்டு டிரை எர்த்’ என்று காய்ந்த மண்ணில் இறங்கும் மழையாக மாற்றினால் வினையும் உவமையும் கைகோத்துக்கொள்ளும்.

‘டிராக் ஆன்’ என்றால் முடிவில்லாமல் இழுத்துக்கொண்டே போவது. ‘த மீட்டிங் டிராக்ட் ஆன் லைக் எ கூட்ஸ் டிரெயின் அட் எ லெவல் கிராஸிங்.’ ரயில்வே கேட்டில் நின்று சரக்கு ரயிலின் பெட்டிகள் முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்த எவருக்கும் இது விளங்கும். இழுப்பதும் பொருந்துகிறது, நீள்வதும் பொருந்துகிறது, காத்திருப்பவரின் எரிச்சலும் இலவசமாக வந்து சேர்கிறது.

‘ரன் அவுட்’ என்றால் தீர்ந்துபோவது. உள்ளே இருக்கும் காட்சி வழிந்தோடுவது. பணம் ‘ரேன் அவுட் லைக் வாட்டர் ஃப்ரம் எ கிராக்ட் பாட்’, அதாவது விரிசல் விட்ட பானைத் தண்ணீர் போல என்றால் நிற்கும். ‘லைக் ஸ்மோக்’ என்றால் நிற்காது. புகை கலையும், வழிந்தோடாது.

அகராதியில் எங்கே தேடுவது

ஃப்ரேஸல் வெர்ப்பின் கீழ் கிடைக்காவிட்டால் உவமையின் பெயர்ச்சொல்லில் தேடுங்கள்: பலூன், பென்னி, தம்ப், பிரிக். கற்போருக்கான அகராதிகள் பலவும் மரபுத்தொடர்களை அதில் வரும் முக்கியப் பெயர்ச்சொல்லின் கீழேதான் வைக்கின்றன. கிடைத்ததும் எடுத்துக்காட்டு வாக்கியத்தைப் பாருங்கள்: யார் யாரைப் பற்றிச் சொல்கிறார், ‘இன்ஃபார்மல்’ என்ற குறிப்பு இருக்கிறதா, பிரிட்டிஷா அமெரிக்கனா. அகராதியின் விளக்கத்தைவிட இந்த மூன்றும் பயன்படும்.

நான்கு வாக்கியங்கள், பயிற்சிக்கு

விடையைப் பார்க்காமல் முதலில் நீங்களே வினையைப் பிரித்து, உள்ளே உறங்கும் காட்சியைச் சொல்லிப் பாருங்கள்.

1. ‘ஹெர் ஃபேஸ் லிட் அப் லைக் எ கிறிஸ்மஸ் ட்ரீ.’
2. ‘த டீம் ஃபோல்டட் அப் லைக் எ டெக்சேர் இன் த செகண்ட் ஹாஃப்.’
3. ‘ஹீ கிளாம்ட் அப் வென் ஐ ஆஸ்க்ட் அபவுட் த மனி.’
4. ‘காஃபி ஷாப்ஸ் ஆர் ஸ்பிரிங்கிங் அப் லைக் மஷ்ரூம்ஸ்.’

முதலாவதில் வினை ‘லைட் அப்’. விளக்கு எரிவது நேர்ப் பொருள், முகம் மலர்வது வழக்குப் பொருள். கிறிஸ்மஸ் மரத்தில் சரம் சரமாக விளக்குகள் ஒரே நேரத்தில் எரிவதால் மகிழ்ச்சி திடீரென்று, முகம் முழுக்கப் பரவியது.

இரண்டாவதில் ‘ஃபோல்ட் அப்’ மடிவது, நிலைகுலைவது. கடற்கரையில் போடும் மடக்கு நாற்காலி உட்கார்ந்தவரோடு பொசுக்கென்று மடிந்துவிடும். அணி எதிர்ப்பே காட்டாமல் இரண்டாம் பாதியில் சரிந்தது.

மூன்றாவதில் ‘லைக்’ இல்லை. உவமை வினைக்குள்ளேயே இருக்கிறது. பணத்தைப் பற்றிக் கேட்டதும் அவர் வாயை இறுக மூடிக்கொண்டார்.

நான்காவதில் ‘ஸ்பிரிங் அப்’ திடீரென முளைப்பது. தமிழில் நாமும் இதற்குக் காளானைத்தான் சொல்கிறோம், ஆகவே பொருள் சிக்கலில்லை. இதிலும் ஆங்கிலம் ஒரு படி தாண்டி ‘மஷ்ரூம்’ என்பதையே வினையாக்கியிருக்கிறது: ‘காஃபி ஷாப்ஸ் ஹேவ் மஷ்ரூம்ட்.’ இப்படி எழுதும்போது ‘அப்’ தேவையில்லை.